ராயல் இந்தியக் கடற்படை மாலுமிகளின் போர்ப் பதக்கங்கள்

இரண்டாம் உலகப் போரில் (1939–1945) பிரிட்டிஷ் இந்தியாவின் கடற்படையான ராயல் இந்தியக் கடற்படையில் பணியாற்றியவர்களுக்கு வழங்கப்பட்ட நட்சத்திரங்களும் பதக்கங்களும் இக்கட்டுரையின் பொருள். இவற்றில் பெரும்பாலானவை வீரச்செயலுக்காகத் தரப்பட்டவை அல்ல. ஒரு மாலுமி எந்தக் கடலில், எத்தனை காலம் இருந்தார் என்பதற்கான அடையாளங்கள் அவை. அதனால் முறையாகப் படித்தால் ஒருவரின் பணி வரலாற்றில் ஒரு பகுதியை அவற்றிலிருந்தே அறியலாம். மறு பகுதியை, குறிப்பாக 1946 பிப்ரவரியில் நடந்த கடற்படை எழுச்சியை, அவற்றில் காண முடியாது.

கடல் இல்லாத ஊர்களிலிருந்து கடற்படைக்கு

பூட்டுக்கும் சுருட்டுக்கும் தோல் பதனிடும் தொழிலுக்கும் பெயர் பெற்ற திண்டுக்கல்லுக்குக் கடற்கரை கிடையாது. போர்க்காலத்தில் அது மதுரை மாவட்டத்தின் ஒரு பகுதி. 1985 செப்டம்பர் 15 அன்றுதான் தனி மாவட்டம் ஆனது. கடற்படை என்றால் மீனவ ஊர்களில் பிறந்தவர்களே சேர்ந்திருப்பார்கள் என்று இப்பகுதியில் பலர் எண்ணுவதுண்டு. உண்மை அதுவல்ல.

பழைய ராயல் இந்திய மரைன் என்ற அமைப்பே 1934 அக்டோபர் 2 அன்று ராயல் இந்தியக் கடற்படையாக மாற்றப்பட்டது. போர் தொடங்கிய சில வாரங்களில், 1939 அக்டோபரில், அதில் 114 அதிகாரிகளும் 1,732 மாலுமிகளும் மட்டுமே இருந்தனர். கொங்கணக் கடற்கரையின் ரத்னகிரிப் பகுதியிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும்தான் பெரும்பாலும் ஆள் எடுத்தார்கள். போர் முடியும்போது எண்ணிக்கை ஏறத்தாழ 30,000 ஆகிவிட்டது. இவ்வளவு வேகமாகப் பெருகிய படைக்குப் பழைய வட்டாரங்கள் போதவில்லை. நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஆள் சேர்த்தபோது சென்னை மாகாணத்தவர் பெருமளவில் உள்ளே வந்தனர்.

இதற்குப் பள்ளிக்கூடமும் ஒரு காரணம். கம்பியில்லாத் தந்தி, கொடிச் சைகை, ரேடார் போன்ற பிரிவுகளுக்கு நீந்தத் தெரிந்தவரைவிட ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிந்தவரே தேவைப்பட்டார். மெட்ரிகுலேசன் வரை படித்து வேலையில்லாமல் இருந்த உள்நாட்டு ஊர்ப் பையனுக்கு இந்தக் கதவு திறந்திருந்தது. சம்பளம், சாப்பாடு, போருக்குப் பின் வேலை என்று விளம்பரங்கள் சொல்லின. மூன்றாவது வாக்குறுதி என்ன ஆயிற்று என்பது பின்னர் வரும்.

இவர்கள் அதிகாரிகள் அல்லர். கடற்படைப் பேச்சில் ‘ரேட்டிங்’ எனப்பட்ட கீழ்த்தள மாலுமிகள். பதக்கங்களைப் பற்றிப் பேசும்போது இந்த வேறுபாட்டை நினைவில் வைக்க வேண்டும்.

ஆறு முனை நட்சத்திரங்கள்

போர்க்களப் பணிக்கென எட்டு நட்சத்திரங்கள் அக்காலத்தில் ஏற்படுத்தப்பட்டன. எட்டும் ஒரே அச்சு. மஞ்சள் நிறமுள்ள செம்பு–துத்தநாகக் கலவை, ஆறு முனைகள், நடுவில் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் முடியும் பெயரெழுத்துக் கோப்பும், அதைச் சுற்றி எந்தக் களம் என்ற பெயர். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுக்கொன்று வேறுபாடு தெரியாது. நாடாவின் நிறம்தான் அடையாளம். நாடா நைந்து போயிருந்தால் நடுவில் உள்ள எழுத்தைப் பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை 1939–45 நட்சத்திரம். அதன் நாடாவில் கருநீலம், சிவப்பு, வெளிர்நீலம் என மூன்று சம அகலக் கோடுகள் உண்டு. முறையே கடற்படை, தரைப்படை, வான்படை ஆகியவற்றைக் குறிப்பவை. படைகளில் கடற்படையே மூத்தது என்ற மரபின்படி கருநீலம் மார்பின் நடுப்பக்கம் வரும்படி குத்திக்கொள்வார்கள். போர் நடவடிக்கை நிகழ்ந்த கடற்பகுதியில் ஆறு மாதம் கப்பலில் இருந்த மாலுமிக்கு இது கிடைத்தது. கரைத்தளத்திலேயே காலம் கழித்தவருக்குக் கிடைக்காது. ஆகவே இந்த நட்சத்திரம் ஒரு வீட்டில் இருந்தால், அவர் உண்மையாகவே கடலுக்குப் போனவர் என்று கொள்ளலாம்.

தமிழகத்து மாலுமிகளைப் பொறுத்தவரை மிகவும் கவனிக்கத்தக்கது பர்மா நட்சத்திரம். கருநீல நாடா, நடுவில் அகலமான சிவப்பு, அதன் இரு பக்கத்து நீலத்தின் நடுவிலும் ஆரஞ்சுக் கோடு. பெயரைப் பார்த்துத் தாத்தா பர்மாவில் சண்டை போட்டார் என்று குடும்பத்தார் சொல்வது இயல்பு. ஆனால் கடற்படைக்கு வகுத்த விதி வேறு. 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரை வங்காள விரிகுடாவில் பணியாற்றியவர்களுக்கு இது உரியது. அந்தக் கடற்பகுதியின் எல்லை இலங்கையின் தென்முனையிலிருந்து 300 மைல் தெற்கே சென்று, அங்கிருந்து சுமத்திராவின் பக்கம் திரும்புகிறது. அதாவது சென்னைக்கும் நாகப்பட்டினத்துக்கும் எதிரே உள்ள கடலும் அதற்குள் அடக்கம். இரங்கூனைக் கண்ணால் பார்க்காத ஒருவரும் சோழமண்டலக் கரையோரம் காவல் சுற்றிப் பர்மா நட்சத்திரம் பெற்றிருக்க முடியும். முதலில் 1939–45 நட்சத்திரத்துக்கான ஆறு மாதத்தை முடித்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அந்தக் கடல் பாதுகாப்பான கடலாகவும் இல்லை. 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பையும், 6 அன்று விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும், 9 அன்று திருகோணமலையையும் சப்பானிய விமானங்கள் தாக்கின. அதே ஏப்ரல் 6 அன்று அக்யாப் துறைமுகத்தில் ‘இண்டஸ்’ என்ற இந்தியப் போர்க்கப்பல் குண்டுவீச்சில் மூழ்கியது. 1944 பிப்ரவரி 11 அன்று விசாகப்பட்டினத்துக்கு அப்பால் ‘ஆர்.ஓ. 110’ என்ற சப்பானிய நீர்மூழ்கியை ‘ஜம்னா’ என்ற இந்தியக் கப்பல் இரண்டு ஆஸ்திரேலியக் கப்பல்களுடன் சேர்ந்து மூழ்கடித்தது. 1945 தொடக்கத்தில் அரக்கான் கரையில் நடந்த தரையிறக்கங்களில் ‘நர்பதா’, ‘ஜம்னா’ ஆகியவை கரையை நோக்கிப் பீரங்கி முழங்கின. சிறு மோட்டார் படகுகள் சதுப்புநிலக் கால்வாய்களுக்குள் புகுந்து சண்டையிட்டன. கரையோரக் காவலில் இருந்தவருக்கும் கால்வாய்க்குள் சென்றவருக்கும் கிடைத்தது ஒரே நட்சத்திரம். யார் எங்கே இருந்தார் என்பதற்குக் கப்பலின் பெயர் தெரிய வேண்டும்.

மற்ற நட்சத்திரங்கள் இந்திய மாலுமிகளிடம் குறைவு. 1941-இல் அட்லாண்டிக்கில் வணிகக் கப்பல்களுக்குத் துணை சென்ற ‘சட்லெஜ்’, ‘ஜம்னா’ ஆகிய கப்பல்களே 1943 ஜூலையில் சிசிலித் தீவில் நடந்த படையிறக்கத்திலும் இருந்தன. அட்லாண்டிக் அல்லது இத்தாலி நட்சத்திரம் கொண்ட இந்திய மாலுமியைத் தேடுவோர் இக்கப்பல்களின் பெயர்களில் தொடங்கலாம்.

போர்ப் பதக்கமும் இந்தியப் பணிப் பதக்கமும்

நட்சத்திரங்களுடன் வட்ட வடிவமான இரண்டு பதக்கங்கள் வருவதுண்டு. ஒன்று 1939–45 போர்ப் பதக்கம். 28 நாள் பணி இருந்தாலே போதும்; ஏறக்குறைய எல்லோருக்கும் கிடைத்தது. ஒரு பக்கம் முடிசூடிய மன்னர் தலை, மறு பக்கம் இரட்டைத் தலை டிராகன் மேல் நிற்கும் சிங்கம். செம்பும் நிக்கலும் கலந்து செய்தது. முதல் உலகப் போரின் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம் வெள்ளியில் வார்க்கப்பட்டது. அதனாலேயே பல வீடுகளில் அது உருக்குப் பாத்திரத்துக்குப் போனது. இரண்டாம் போரின் பதக்கத்துக்கு உலோக மதிப்பு இல்லாததும் அது தப்பிப் பிழைத்ததற்கு ஒரு காரணம் எனலாம். இதன் நாடாவில் சிறிய வெண்கல ஓக் இலை ஒன்று பொருத்தப்பட்டிருந்தால், அவர் பெயர் தளபதியின் போர் அறிக்கையில் பாராட்டிக் குறிப்பிடப்பட்டது என்று பொருள். இலை சிறியது, கழன்று விழுந்திருக்கும். நாடாவில் ஊசித் துளை இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

மற்றொன்று இந்தியப் பணிப் பதக்கம். இந்தியப் படையினருக்கு மட்டுமே உரியது. பின்புறம் இந்தியாவின் வரைபடம், மேலே ‘இந்தியா’, கீழே ‘1939–45’ என்ற ஆங்கில எழுத்துகள். கருநீலமும் வெளிர்நீலமும் கலந்த நாடா. 1939 செப்டம்பர் 3 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான காலத்துக்குள் மூன்று ஆண்டு பணி செய்திருக்க வேண்டும். இந்த விதியிலிருந்து ஒரு கணக்குப் போடலாம். 1942 செப்டம்பர் தொடக்கத்துக்குப் பிறகு சேர்ந்தவருக்கு மூன்று ஆண்டு நிறைந்திருக்காது. எனவே இப்பதக்கம் இருந்தால் அவர் அதற்கு முன்பே, சப்பான் இந்தியாவை நெருங்கிய முதல் ஆண்டிலேயோ அதற்கும் முன்னரோ படையில் சேர்ந்தவர். பிறந்த தேதியே சரியாகத் தெரியாத தலைமுறையினரின் வாழ்க்கையில் இப்படி ஓர் ஆண்டைப் பிடிப்பது சிறிய செய்தி அல்ல.

வீரச்செயலுக்கான விருதுகள்

மேற்சொன்ன எதுவும் வீர விருது அல்ல. வீட்டில் இருக்கும் ஐந்து பதக்கங்களைக் காட்டி ஐந்து முறை வீரச்செயல் புரிந்தார் என்று சில நினைவு மலர்களில் எழுதிவிடுகிறார்கள். இது தவறு, அந்த மாலுமிக்கும் இது பெருமை சேர்க்காது. வீர விருதுகள் தனி. அவை மிகச் சிலருக்கே கிடைத்தன. அவற்றிலும் தகுதி வேறுபாடு இருந்தது. கடலில் எதிரிக்கு எதிரே காட்டிய துணிவுக்கு அதிகாரி என்றால் டி.எஸ்.சி. எனப்படும் வெள்ளிச் சிலுவை. கீழ்த்தள மாலுமி என்றால் டி.எஸ்.எம். என்னும் வட்டப் பதக்கம். செயல் ஒன்றாக இருந்தாலும் விருது ஒன்றல்ல. பிரிட்டனிலேயே இந்த வேறுபாடு 1993-இல்தான் நீங்கியது.

டி.எஸ்.சி. பெற்ற தமிழர்களில் முதலில் சொல்லத்தக்கவர் நாகர்கோவிலில் 1919 ஜூன் 8 அன்று பிறந்த நீலகண்ட கிருஷ்ணன். 1941-இல் பாரசீக வளைகுடாவில் நடந்த நடவடிக்கைகளுக்காக, இருபத்திரண்டு வயது இளம் அதிகாரியாக இருந்தபோது ஆற்றிய பணிக்கு அவ்விருது கிடைத்தது. கருநீலம், வெள்ளை, கருநீலம் என்ற அந்த நாடாவை விடுதலைக்குப் பின்னும் அவர் சீருடையில் காணலாம். 1961-இல் ‘டெல்லி’ என்ற கப்பலின் தலைவராக டையூ விடுவிப்பில் பங்கேற்றார். 1971 போரில் விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைத் தலைமைத் தளபதி அவரே. அவ்வாண்டு டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தபோது, கையெழுத்து மேசையின் பின்னால் நிற்போரின் புகழ்பெற்ற நிழற்படத்தில் அவரையும் பார்க்கலாம். பத்ம பூஷண், பரம விசிட்ட சேவா பதக்கம் ஆகியவற்றையும் பெற்றார். இந்திய விருதுகளை முன்னும் பிற நாட்டு விருதுகளை அவற்றுக்குப் பின்னும் அணிய வேண்டும் என்பது குடியரசின் விதி. மன்னரின் சிலுவை அவ்வாறு வரிசையில் பின்னே நகர்ந்தது, ஆனால் நீங்கவில்லை.

‘பெங்கால்’ கப்பல்

கீழ்த்தள மாலுமிகளின் துணிவுக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுவது ‘பெங்கால்’ கப்பலின் சண்டை. ஆஸ்திரேலியாவில் கட்டி 1942-இல் பணியில் சேர்க்கப்பட்ட சிறு கப்பல் அது. இந்தியாவுக்கு வரும் முதல் பயணத்திலேயே, ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணையாக இந்தியப் பெருங்கடலில் வந்துகொண்டிருந்தது. 1942 நவம்பர் 11 அன்று கோகோஸ் தீவுகளுக்குத் தெற்கே இரண்டு பெரிய சப்பானியக் கப்பல்கள் எதிர்ப்பட்டன: ‘ஹோக்கோகு மாரு’, ‘ஐக்கோகு மாரு’. பயணிகள் கப்பல்களாகக் கட்டிப் பின்னர்ப் பீரங்கி பொருத்தியவை. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேல், 14 செ.மீ. பீரங்கிகள், டார்பீடோ குழாய்கள், கடல் விமானங்கள் எல்லாம் உண்டு. ‘பெங்கால்’ கப்பலில் இருந்த முதன்மை ஆயுதம் 12 பவுண்டு குண்டு சுடும் ஒரே ஒரு பீரங்கி. பொருத்த வேண்டிய 4 அங்குலப் பீரங்கி கிடைக்காததால் அது தற்காலிகமாக வைக்கப்பட்டிருந்தது. குண்டுகளும் சொற்பம்.

கப்பலின் தலைவர் வில்லியம் வில்சன், எண்ணெய்க் கப்பலைத் தப்பி ஓடச் சொல்லிவிட்டுத் தம் கப்பலை எதிரியை நோக்கித் திருப்பினார். பின்புறம் ஒரு பீரங்கி கொண்டிருந்த ‘ஒண்டினா’வும் சுட்டது. சண்டை தொடங்கிச் சிறிது நேரத்தில் ‘ஹோக்கோகு மாரு’வின் பின்பகுதியில் ஒரு குண்டு விழுந்தது, வெடிபொருள் பற்றிக் கப்பல் வெடித்து மூழ்கியது. அந்தக் குண்டை எறிந்தது எந்தக் கப்பல் என்பதில் இரு கப்பலாரும் தத்தம் பக்கமே பேசினர். அந்த வழக்கு இன்னும் தீரவில்லை. குண்டுகள் தீர்ந்துபோன ‘பெங்கால்’ புகைத்திரை விட்டு விலகி டீகோ கார்சியா சென்றது. ‘ஒண்டினா’ மூழ்கிவிட்டது என்றே அதன் மாலுமிகள் நினைத்தனர். கப்பல்தலைவரை இழந்த ‘ஒண்டினா’வோ டார்பீடோ பட்டும் மூழ்காமல் மிதந்தது. படகுகளில் இறங்கியிருந்தோர் மீண்டும் ஏறி ஆஸ்திரேலியாவின் பிரிமாண்டில் துறைமுகத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுபோனார்கள்.

வில்சனுக்கு டி.எஸ்.ஓ. விருது வழங்கப்பட்டது, மாலுமிகள் சிலரும் விருது பெற்றனர். அன்று பீரங்கிக்குக் குண்டு எடுத்துக் கொடுத்தவர்கள், பாய்லர் அறையில் நின்றவர்கள், செய்தி அனுப்பியவர்கள் ஆகிய பெரும்பாலோருக்கு எல்லோருக்கும் உரிய நட்சத்திரமும் போர்ப் பதக்கமும்தான். ‘பெங்கால்’ விடுதலைக்குப் பிறகும் இந்தியக் கடற்படையில் இருந்து, 1960-இல் உடைக்கப்பட்டது.

நாடா அணிந்தவர்களின் எழுச்சி

போர் முடிந்தபோது மாலுமிகளின் மார்பில் இருந்தவை பெரும்பாலும் நாடாக்கள் மட்டுமே. உலோகப் பதக்கங்கள் அச்சாகி வர ஆண்டுகள் ஆயின. இந்தியப் பணிப் பதக்கத்தை ஏற்படுத்தியதே 1946 ஜூனில்தான். அதற்கு நான்கு மாதங்களுக்கு முன், அந்தப் பதக்கத்துக்கு உரியவர்கள் தங்கள் கப்பல்களில் இருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கியிருந்தார்கள்.

பம்பாயில் ‘தல்வார்’ என்ற பெயரில் இயங்கியது கடற்படையின் தகவல் தொடர்புப் பள்ளி. அங்கே 1946 பிப்ரவரி 18 அன்று மாலுமிகள் உணவை மறுத்து வேலைநிறுத்தம் தொடங்கினர். கெட்ட சாப்பாடு, வெள்ளை மாலுமிகளுக்கும் இந்தியருக்கும் இடையே சம்பள வேறுபாடு, தளத்தின் தலைவரான கமாண்டர் கிங் பேசிய இழிசொற்கள் ஆகியவை உடனடிக் காரணங்கள். போருக்குப் பின் வேலை என்ற வாக்குறுதி காற்றில் போனதும், படைக்கலைப்பில் வெறுங்கையோடு வீடு திரும்ப வேண்டிய நிலையும் அடியில் இருந்தன. இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிக்க வேண்டும், இந்தோனேசியாவில் இருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெற வேண்டும் என்பவையும் கோரிக்கைகளில் சேர்ந்தன. வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம். எஸ். கான் ஒரு சிக்னல்காரர். துணைத் தலைவர் மதன் சிங் ஒரு தந்தியாளர். பிப்ரவரித் தொடக்கத்தில் தளத்தின் சுவர்களில் விடுதலை முழக்கம் எழுதியதற்காகக் கைதான பி. சி. தத்தும் தந்தியாளரே. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காகத் தேடிச் சேர்க்கப்பட்ட பிரிவினர் இவர்கள். கப்பலுக்குக் கப்பல் செய்தி பரவியதும் அவர்கள் கையாண்ட கருவிகளின் வழியாகவே.

78 கப்பல்களும் 20 கரைத்தளங்களும் ஏறத்தாழ 20,000 மாலுமிகளும் பங்கேற்றனர். சென்னையில் இருந்த ‘அடையார்’ தளத்து மாலுமிகளும் அவர்களில் அடங்குவர். கராச்சியில் ‘இந்துஸ்தான்’ கப்பல் மீது பிரிட்டிஷ் படை பீரங்கி சுட்டது. பம்பாய்த் தெருக்களில் ஆதரவாகத் திரண்ட பொதுமக்கள் 200-க்கும் மேற்பட்டோர் துப்பாக்கிச் சூட்டில் இறந்தனர். வல்லபாய் படேல் தலையிட்டு, பழிவாங்கல் இராது என்ற நம்பிக்கையைத் தந்த பிறகு பிப்ரவரி 23 அன்று குழு பணிந்தது. ஜின்னாவும் அதையே அறிவுறுத்தியிருந்தார். நம்பிக்கை காப்பாற்றப்படவில்லை. 476 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். விடுதலைக்குப் பின் இந்தியாவும் சரி, பாகிஸ்தானும் சரி, அவர்களைக் கடற்படையில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒழுங்கு மீறல் என்ற சொல் இரு புதிய அரசுகளுக்கும் வசதியாக இருந்தது.

ஏற்பு மெல்ல வந்தது. மத்திய அரசின் விடுதலைப் போராட்ட வீரர் ஓய்வூதியத் திட்டத்தில் 1946 கடற்படை எழுச்சியும் தகுதியுள்ள போராட்டமாகச் சேர்க்கப்பட்டது. கடற்படை தன் இழுவைக் கப்பல்களில் இரண்டுக்குப் பி. சி. தத், மதன் சிங் ஆகியோரின் பெயர்களைச் சூட்டியது. மும்பை கொலாபாவில் நினைவுச்சின்னம் ஒன்றும் எழுந்தது. மன்னருக்காகப் போரிட்டதற்குப் பதக்கம் உண்டு; மன்னரை எதிர்த்ததற்கு அப்படி ஒன்று அச்சிடப்படவில்லை.

இல்லாத பதக்கம்

1947 ஆகஸ்ட் 15 அன்று படைகளின் பட்டியலில் இருந்தவர்களுக்கு இந்திய விடுதலைப் பதக்கம் வழங்கப்பட்டது. காவி, வெள்ளை, பச்சை நாடா. ஒரு பக்கம் அசோகச் சக்கரம், அதன் மேல் பிரிட்டிஷ் முடி. மறு பக்கம் சாரநாத் சிங்கங்கள். முடியும் சக்கரமும் ஒன்றாக உள்ள இந்தப் பதக்கம் அந்த இரண்டரை ஆண்டு இடைக்கால இந்தியாவின் அச்சு அசலான படம்.

போர் நட்சத்திரங்கள் இருந்து இந்தப் பதக்கம் இல்லாவிட்டால், அந்த மாலுமி 1947 ஆகஸ்டுக்கு முன்பே படையை விட்டு வெளியேறியவர் என்று ஊகிக்கலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. அப்படி வெளியேறிய எல்லோரும் எழுச்சியில் கலந்து நீக்கப்பட்டவர்கள் அல்லர். போர்க்காலத்துக்கு மட்டும் எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் 1945–46-இல் வழக்கமான படைக்கலைப்பில் வீடு திரும்பினார்கள். நீக்கப்பட்டோர் எண்ணிக்கை சில நூறு. குடும்பத்தில் வழங்கும் கதை இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். அதை உறுதி செய்வது பணி விடுவிப்புச் சான்றிதழ். விடுவிப்புக்கான காரணமும் நடத்தை பற்றிய குறிப்பும் அதில் இருக்கும். பதக்கத்தைப் பளபளவென்று துலக்கி வைத்துவிட்டு, பழுப்பேறிய அந்தத் தாளைக் கழித்துவிடும் வீடுகள் உண்டு. வரலாற்றுக்கு அந்தத் தாளே பெரிய செல்வம்.

அது பணத்தோடும் தொடர்புடையது. இரண்டாம் உலகப் போரில் பணியாற்றி, ராணுவ ஓய்வூதியம் பெறாதவர்களுக்கும் அவர்களின் கைம்பெண்களுக்கும் தமிழக அரசு மாதாந்திர நிதியுதவி வழங்கி வந்துள்ளது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் வழியே இதற்கு விண்ணப்பித்தவர்களிடம் கேட்கப்பட்டது பதக்கம் அல்ல, பணிச் சான்று. போர்க்காலப் பணி ஐந்தாண்டுக்கும் குறைவாக இருந்த பலருக்கு ஓய்வூதியத் தகுதியே கிடையாது என்பதால் இவ்வுதவி அவர்கள் முதுமையில் பெரிய ஆறுதலாக இருந்தது.

பணிக் குறிப்புகளைத் தேடுதல்

நட்சத்திரத்தின் பின்புறத்திலோ வட்டப் பதக்கத்தின் விளிம்பிலோ எண்ணும் பெயரும் பொறித்திருந்தால் முதலில் அதைப் படியெடுக்க வேண்டும். துலக்குவதற்கு முன் செய்வது நல்லது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால் எழுத்து மழுங்கும். இந்தியக் கடற்படையின் மாலுமிகளுக்கான பணிப் பதிவேடுகளைப் பராமரிப்பது மும்பை மான்கூர்ட் பகுதியில் சீத்தா கேம்ப்பில் உள்ள மாலுமிகள் பணியகம். கடிதம் எழுதும்போது பணி எண், முழுப் பெயர், தந்தை பெயர், அக்காலத்து மாவட்டம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். திண்டுக்கல், பழநி, நிலக்கோட்டை வட்டாரத்தார் ‘மதுரை மாவட்டம்’ என்றே குறிப்பிட வேண்டும். ‘திண்டுக்கல் மாவட்டம்’ என்று அன்றைய பதிவுகளில் இருக்காது. தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலத்தில் பலவிதமாக எழுதப்பட்டிருக்கும் என்பதால் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல்களைத் தருவது பயன்படும்.

கடலில் இறந்து உடல் கிடைக்காதவர்களின் பெயர்களைப் பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையத்தின் பம்பாய்–சிட்டகாங் நினைவுப் புத்தகத்தில் தேடலாம். ராயல் இந்தியக் கடற்படையினரும் வணிகக் கப்பல் தொழிலாளருமாக 6,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் உள்ளன. ஒரு பிரதி மும்பையில் இந்திய மாலுமிகள் இல்லத்திலும், மற்றொன்று வங்கதேசத்தின் சிட்டகாங் போர்க்கல்லறையிலும் வைக்கப்பட்டிருக்கிறது. ஆணையத்தின் இணையதளத்தில் பெயரையோ கப்பலையோ கொண்டு தேடும் வசதியும் உண்டு.